முதல் காதல் கதை ஏன் இழுக்கிறது, ஆறாவது யூடியில் ஏன் படுத்துவிடுகிறது?

#1 வெண்பூ

பதினாறிலிருந்து பத்தொன்பது வயதுக்குள் நடக்கிற முதல் காதல் கதைகளுக்கு நம் தளங்களில் வாசகர் குறைந்ததே இல்லை. அந்த வயதுப் பிள்ளைகள் மட்டுமா படிக்கிறார்கள்? பேரன் பேத்தி எடுத்தவர்களும் "அடுத்த யூடி (அப்டேட், அதாவது இணையத் தொடரின் அடுத்த பகுதி) எப்போ?" என்று வந்து நிற்கிறார்கள். ஆனால் இந்த வகைத் தொடர்களில் பல முதல் ஐந்து யூடி வரை துள்ளிவிட்டு ஆறாவதில் படுத்துவிடுகின்றன. பிறகு கடத்தல், விபத்து, பணக்கார வில்லன் என்று எதையாவது கொண்டுவந்து தூக்கி நிறுத்தப் பார்க்கிறார்கள்.

இரண்டு விஷயம் பேசலாம். இந்தக் கதைகளின் ஈர்ப்பு எங்கிருந்து வருகிறது? அதை நாற்பது யூடி வரை காப்பாற்ற எழுதுகிறவர் என்ன செய்ய வேண்டும்? பொதுவாகப் பேசினால் பிடி கிடைக்காது என்பதால் ஒரு காட்சி தருகிறேன். மதுரை, 2023, இருவரும் பிளஸ் டூ. இதைப் பிரித்துப் போட்டு எது சரியில்லை என்று சொல்லுங்கள்.

*டவுன் பஸ்சில் நெரிசல். முன்னால் நின்ற கயல் டிக்கெட்டுக்காகப் பத்து ரூபாய்த் தாளைப் பின்னால் நீட்டினாள். கை மாறிக் கை மாறி அது செழியனிடம் வந்தது. அவள் விரல் பட்ட தாள்! அவன் இதயம் படபடவென அடித்தது. உடம்பெங்கும் மின்சாரம் பாய்ந்தது. இவள்தான் தன் உயிர் என்று அந்த நொடியே அவனுக்குத் தெரிந்துவிட்டது.*

#2 தினைப்புனம்

கடைசி வரியிலேயே கதை முடிந்துவிட்டது. "தெரிந்துவிட்டது" என்று எழுதிய பிறகு வாசகருக்கு வேலை இல்லை.

இரண்டாவது காதலில் இருப்பவரிடம் ஒரு அளவுகோல் இருக்கும். முன்பு நடந்ததோடு ஒப்பிட்டு "இது அதுதான்" என்று சொல்லிவிடுவார். முதல் காதலில் அந்த அளவுகோல் கிடையாது. வயிற்றைப் பிசைவது பரீட்சைப் பயமா, பசியா, இவளா என்று அவனுக்கே புரியாது. அந்தப் பக்கம் இருப்பவருக்கும் அதே நிலைமை. இரண்டு பேர், ஆளுக்கொரு தெரியாத மொழி, நடுவில் சில குறிப்புகள். வாசகர் மட்டும் இரண்டு மொழியையும் அரைகுறையாகப் படிக்கிறார். கதைக்குள் இருப்பவர்களை விட ஒரு முழம் அதிகமாக நமக்குத் தெரியும், ஆனால் உறுதியாகத் தெரியாது. அந்த ஒரு முழத்தில்தான் மொத்த ஈர்ப்பும் இருக்கிறது என்பேன்.

திருக்குறள் காமத்துப்பாலில் 25 அதிகாரங்கள். அவற்றில் களவியல், அதாவது கல்யாணத்துக்கு முந்தைய ரகசியக் காதல், 7, அதாவது 109 முதல் 115 வரை. இரண்டாவதாக வருகிற 110ஆம் அதிகாரத்துக்குப் பெயரே குறிப்பறிதல். அதில் பெரும்பாலான குறள்கள் பார்வையைப் படிப்பது பற்றியவை. நான் பார்க்கும்போது நிலத்தைப் பார்க்கிறாள், பார்க்காதபோது என்னைப் பார்த்து மெல்லச் சிரிக்கிறாள் என்பது 1094. அதில் "காதலிக்கிறாள்" என்ற சொல் இல்லை, கண் போகிற திசைதான் இருக்கிறது. யாரோ போலப் பொதுவாகப் பார்ப்பதும் காதலர் கண்ணுக்கே உரியது என்கிறது 1099. அலட்சியம்கூட ஒரு குறியாகிவிட்டால் அவன் எதை நம்புவான்?

செழியனுக்கு மின்சாரம் பாய வேண்டாம். அந்தத் தாளை அவன் என்ன செய்தான் என்று மட்டும் சொல்லுங்கள்.

#3 பிழைதிருத்தி

காட்சியே நடக்காது. 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கட்டணமில்லாச் சீட்டு ஒன்றைக் கண்டக்டர் கிழித்துத் தருவார், அவ்வளவுதான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எப்படியும் இலவச பாஸ் உண்டு. 2023இல் கயல் எதற்குப் பத்து ரூபாய் நீட்டுகிறாள்?

காசு கை மாறும் காட்சி வேண்டுமென்றால் மூன்று வழி இருக்கிறது: கதையை 2021க்கு முன்னால் கொண்டுபோங்கள், இல்லையென்றால் மினி பஸ் அல்லது தனியார் பஸ்சில் ஏற்றுங்கள், அதுவும் வேண்டாமென்றால் கயலைத் தனியார் பள்ளியில் சேர்த்து, கட்டணம் உள்ள வண்டியில் அனுப்புங்கள்.

பழைய காலத்தில் வைப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூ மொத்த மதிப்பெண் 2018 மார்ச் தேர்வு வரை 1200, 2019 முதல் 600. பொறியியல் நுழைவுத் தேர்வு 2007இல் போய்விட்டது. வாட்ஸப்பில் நீல டிக் வந்தது 2014 நவம்பரில். 2012இல் நடக்கும் கதையில் "நீல டிக் வந்தும் பதில் இல்லை" என்று அவள் அழுதால், அந்த ஆண்டு பிளஸ் டூ படித்த வாசகர் அங்கேயே வெளியே போய்விடுவார்.

#4 அல்லிக்குளம்

வெண்பூ மா, பஸ்சை விடாதீங்க. அதுல காசை விட நல்ல பொருள் ஒண்ணு இருக்கு. பை.

நம்ம ஊர் டவுன் பஸ்ல நிக்கிற பிள்ளைங்க பையை உட்கார்ந்திருக்கிறவங்க மடியில கொடுப்பாங்க. யாரும் யாரையும் கேக்கறதில்ல, நீட்டினா வாங்கிக்கணும். செழியன் பையை ஒரு அம்மாகிட்ட நீட்டறான், அவங்க மடியில ஏற்கெனவே காய்கறிக் கூடை. அவங்க பக்கத்துல இருக்கற கயல்கிட்ட தள்ளி விடறாங்க. இப்ப அவன் பை அவ மடியில. அவளும் விரும்பி வாங்கல, அவனும் விரும்பிக் கொடுக்கல. குறி கிடைச்சாச்சு, குற்றவாளி யாரும் இல்ல.

அதுக்கப்புறம் அந்தப் பையோட எடை, ஒட்டுப் போட்ட ஜிப், ஒழுகின டிபன் பாக்ஸ், உள்ள இருந்து வர்ற புளிசாத வாசம் எல்லாம் கதைக்கு வரும். அவன் இதயம் என்ன பண்ணுதுன்னு எழுத வேணாம். பையில சாப்பாட்டு மூடி சரியா மூடலையேன்னு அவன் கவலைப்படட்டும், அது போதும். பயம் தப்பான இடத்துல போய் உட்காரணும். முதல் காதல்ல மனசு பெரிய விஷயத்தைப் பாக்க முடியாம பக்கத்துல இருக்கற சின்ன விஷயத்தைப் பிடிச்சுக்கும்.

இதயத் துடிப்பு, மின்சாரம், பட்டாம்பூச்சி, உலகமே நின்னுபோறது, இந்த நாலையும் அடிச்சிட்டு அந்த இடத்துல கை என்ன செஞ்சுதுன்னு எழுதிப் பாருங்க. எதுவும் தோணலன்னா அந்தக் காட்சியில இன்னும் பொருள் வைக்கலன்னு அர்த்தம்.

#5 கொடிமுல்லை

தினைப்புனம் சார் சொல்வதில் பாதிதான் எனக்கு ஒப்புதல். வாசகர் சந்தேகத்துக்காக வருகிறார் என்றால், முடிவு தெரிந்த கதையை ஏன் மூன்று முறை படிக்கிறார்கள்? முடிந்த கதையை ரீரன் என்று மறுபடி போட்டால் புதுக் கதைக்குச் சமமாகக் கமெண்ட் வருகிறதே? அவர்களுக்கு எந்தக் குறி எங்கே போகிறது என்று மனப்பாடம்.

நினைவுதான் காரணம் என்று நினைக்கிறேன். நடுவயது தாண்டியவர்களிடம் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்லச் சொன்னால், பத்து வயதிலிருந்து முப்பது வரையிலான காலம் மற்ற காலங்களை விட அதிகமாக நினைவுக்கு வருகிறது. நினைவு ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டது இது. முதல் வீடு மாற்றம், முதல் தனிப் பயணம், முதல் நட்பு முறிவு எல்லாம் அங்கேதான் குவிந்திருக்கின்றன. முதல் காதல் கதை அந்த நினைவு மேட்டில் போய் நிற்கிறது. காதலே நடக்காதவர்கள்கூட அதைப் படிக்கும்போது அந்த வயதின் வெயிலையும் வகுப்பறைச் சுண்ணாம்பு வாசனையையும் திரும்பப் பெறுகிறார்கள். காதல் அதற்கு ஒரு சாவி மட்டும்.

இதில் எழுதுகிறவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பொருள்களை அடுக்கினால் நினைவு வந்துவிடும் என்று நம்புகிறார்கள். ஆடியோ கேசட், ஸ்லாம் புக், ஹீரோ பேனா, பெட்டிக் கடை, மஞ்சள் பல்பு. ஒரு பத்தியில் ஐந்து பொருள் வந்தால் அது கண்காட்சி. ஒரே பொருள், நாலு யூடியில் நாலு விதமாக வரட்டும். ஸ்லாம் புக்கில் "பிடித்த நிறம்" என்ற இடத்தை அவள் நிரப்பாமல் விடுகிறாள். பத்து யூடி கழித்து அவன் சட்டை நிறத்தை எழுதி, அதை அடித்துவிட்டு, பச்சை என்று மாற்றுகிறாள். அடித்த கோட்டுக்கடியில் பழைய எழுத்து தெரிகிறது.

#6 தினைப்புனம்

கொடிமுல்லை, ரீரன் பற்றிய கேள்வி நியாயமானது. எனக்குத் தோன்றும் பதில்: இரண்டாம் முறை படிப்பவர் கதாபாத்திரத்தின் அறியாமையை ரசிக்கிறார். "அடேய், அது உனக்காகத்தான்டா" என்று சொல்ல முடியாமல் தவிக்கிற சுகம். அந்த ஒரு முழம் இப்போது ஒரு கஜம் ஆகிவிட்டது, அவ்வளவுதான். நினைவு பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். நடுவயது வாசகர் தன் பழைய அறியாமையையும் அதே கண்ணால்தான் திரும்பிப் பார்க்கிறார்.

டோரதி டென்னாவ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979இல் வந்த தன் நூலில் இந்த நிலையை லிமரன்ஸ் என்ற பெயரில் விவரித்தார். ஒருவரைப் பற்றிய எண்ணம் கூப்பிடாமலே வந்து வந்து ஆட்டுவது. அவர் விவரிப்பில் அதை வளர்ப்பவை இரண்டு: நம்பிக்கை, நிச்சயமின்மை. முழு நம்பிக்கை கிடைத்தால் தணியும், முழு ஏமாற்றம் கிடைத்தாலும் தணியும். எழுதுகிறவருக்கு இது நேரடியாகப் பயன்படும். ஒவ்வொரு யூடியிலும் இரண்டும் கொஞ்சம் இருக்கிறதா என்று பாருங்கள். நம்பிக்கை மட்டும் உள்ள யூடி இரண்டு தொடர்ந்து வந்தால் மூன்றாவதில் கதை தூங்கும். ஆறாவது யூடியில் படுப்பது பெரும்பாலும் இதனால்தான். ஐந்தாவதிலேயே இருவரும் மனதுக்குள் ஒத்துக்கொண்டுவிடுகிறார்கள்.

யூடிக்கு 1200 முதல் 1500 சொல், மொத்தம் நாற்பது என்று வைத்துக்கொண்டால் என் பங்கீடு இப்படி இருக்கும். முதல் இரண்டில் பார்ப்பார்கள், ஆனால் கதையின் முக்கியச் சம்பவம் வேறு ஏதோ போலத் தோன்ற வேண்டும். மூன்றிலிருந்து எட்டு வரை சாக்குப் பேச்சு. அகப்பொருள் துறைகளில் (பழைய காதல் பாட்டுக்கு இலக்கணம் வகுத்த காட்சிகளில்) கெடுதி வினாதல் என்று ஒன்று உண்டு. வேட்டைக்கு வந்தவன், "என் அம்பு பட்ட மான் இந்தப் பக்கம் வந்ததா?" என்று தினைப்புனம் காக்கும் பெண்களிடம் கேட்பான். மான் அவனுக்குத் தேவையில்லை. இன்றைக்கு அதுவே "கெமிஸ்ட்ரி ரெக்கார்டு முடிச்சிட்டியா?" ஊர் வினாதல், பெயர் வினாதல் எல்லாம் அந்த வரிசைதான். கேட்கிறவருக்குப் பதில் தேவைப்படாத கேள்வியாகத் தேடி எடுங்கள்.

ஒன்பதிலிருந்து பதினான்குக்குள் முதல் அடி விழ வேண்டும்: தனக்கென்று நினைத்த அக்கறை எல்லோருக்கும் போகிறது என்று ஒருவர் பார்க்கிறார். பதினைந்தாவதை ஒட்டி மூன்றாம் ஆள் ஒருவர், இவர்களுக்கு முன்னால், புரிந்துகொள்ள வேண்டும். வாய்விட்டுச் சொல்வது 24க்கு முன்னால் வேண்டாம். அதற்குப் பிறகும் பதினாறு யூடி இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அங்கே கேள்வி மாறுகிறது: இந்தக் காதல் அவர்களை வீட்டில், படிப்பில், நட்பில் என்னவாக ஆக்குகிறது?

ஒரு யூடிக்கு ஒரு குறி, அதற்கு மேல் வேண்டாம். எழுதுமுன் ஒரு தாளை இரண்டாக மடியுங்கள். இடப்பக்கம் "இது காதலாக இருந்தால்", வலப்பக்கம் "இது சும்மா மரியாதையாக இருந்தால்". குறியை இரண்டு பக்கமும் விளக்க முடிய வேண்டும். வலப்பக்கம் காலியாக இருந்தால் அதை 24ஆம் யூடிக்கு எடுத்து வையுங்கள்.

#7 பனங்கூடல்

யாழ்ப்பாணத்துப் பக்கத்திலயிருந்து ஒரு விசயம் சொல்லலாம் எண்டு நினைக்கிறன். இஞ்ச கன பள்ளிக்கூடங்கள் பெடியன்களுக்கு வேற, பெட்டையளுக்கு வேற. ரெண்டு பேரும் ஒண்டாயிருக்கிற இடம் ரியூசன் கொட்டில். அங்கயும் வாங்கு (பெஞ்ச்) வேற வேற. அதால உயர்தரம் (உங்கட பிளஸ் டூ மாதிரி) படிக்கிற பிள்ளையளின்ர காதல் கதை எண்டால் ரியூசன் முடிஞ்சு சைக்கிள் எடுக்கிற அஞ்சு நிமிசத்திலதான் நடக்கும். சைக்கிளைப் பூட்டித் திறக்கிற நேரம், செயின் கழண்ட நேரம், ஒழுங்கை (சந்து) திரும்பும்வரைக்கும் பின்னால வாற நேரம். இடம் குறைஞ்சால் குறியின்ர பெறுமதி கூடும்.

ஆனா நான் சொல்ல வந்தது பேச்சைப் பற்றி. எங்கட பேச்சில நீ, நீர், நீங்கள் எண்டு மூண்டு படி இருக்குது. "வாரும்", "உமக்குத் தெரியுமோ" எண்டு கதைக்கிறது நடுப்படி. முதல் "நீங்கள்", பிறகு ஒரு நாள் "நீர்". அந்த ஒரு எழுத்துக்காக ஒரு முழு அத்தியாயம் காத்திருக்கலாம். "நீ" எண்டு வாறது இன்னும் பிந்தித்தான், சண்டையில வந்தால் ஒரு அர்த்தம், சிரிப்பில வந்தால் வேற அர்த்தம். தமிழ்நாட்டுக் கதையளைப் பாத்து எழுதிற எங்கட ஆக்கள் இந்த நடுப்படியைத் தூக்கி எறிஞ்சுபோட்டு நேர "நீ, டா, டி"க்கு வருகினம். கையில இருக்கிற நல்ல ஆயுதத்தை விட்டுட்டு வாற மாதிரி.

#8 அல்லிக்குளம்

பனங்கூடல் அண்ணா, இது தங்கம். எங்க பக்கம் ரெண்டு படிதான், ஆனா எங்களுக்கும் ஒரு வித்தை இருக்கு: "அண்ணா".

காலேஜ்ல ஜூனியர் பொண்ணு சீனியரை அண்ணான்னு கூப்பிடறது ஒரு வேலி. அவளுக்கும் பாதுகாப்பு, பாக்கிறவங்களுக்கும் பதில். ஒரு நாள் அவ கூப்பிட வாயெடுத்து அந்த வார்த்தை வராம "இங்க பாருங்க"ன்னு ஆரம்பிக்கறா. அவன் அதைக் கவனிச்சானா இல்லையான்னு ரெண்டு யூடி சொல்லாம இருங்க. பேரைச் சொல்லாம, அண்ணாவும் சொல்லாம, எப்படியெல்லாம் சுத்தி வளைச்சுப் பேசறான்னு எழுதறதுக்கே அவ்வளவு இருக்கு. "ஏங்க", "ஹலோ", இருமல், மேசையில தட்டறது.

கூடப் படிக்கிறவங்கன்னா தலைகீழ். முதல் நாள்லருந்தே வா போ, டா போட்டுத்தான் பேச்சு. காதல் வந்ததும் டா நின்னுபோகும், திடீர்னு மரியாதை வரும். அந்தத் தடுமாற்றத்தைக் கூட இருக்கற ஃப்ரெண்டு கண்டுபிடிக்கணும்.

முதல் யூடியில யார் யாரை எப்படிக் கூப்பிடறாங்கன்னு ஒரு பட்டியல் போட்டு வெச்சுக்கோங்க. எந்த யூடியில மாறுதுன்னு பக்கத்துலயே குறிங்க. காரணமில்லாம ஒரே பேச்சுல நீங்களும் நீயும் கலந்து வந்தா, நிஜமா மாறுற அன்னைக்கு யாருக்கும் உறைக்காது. நிறைய தொடர்ல வசனம் சப்புன்னு இருக்கறதுக்கு இதான் காரணம்.

#9 கொடிமுல்லை

தடைகள் பற்றி யாரும் பேசவில்லையே. வில்லன் இல்லாமல் எப்படி நாற்பது யூடி ஓட்டுவது என்று புதியவர்கள் கேட்கிறார்கள்.

களவுக்குப் பழைய இலக்கியம் வைத்த தடைகளில் வில்லனே கிடையாது. ஊர் பேசுவது அலர். பெண்ணை வீட்டுக்குள் வைப்பது இற்செறிப்பு. சந்திக்கப் பகலில் ஓர் இடம் பகற்குறி, இரவில் ஓர் இடம் இரவுக்குறி, அங்கே போக முடியாமல் குறி தப்புவது. அலருக்கு இன்று வகுப்பு வாட்ஸப் குழு, இற்செறிப்புக்கு போனைப் பிடுங்கி பீரோவில் வைப்பது. ஊர்ப்பேச்சு எரு, அம்மாவின் கண்டிப்பு நீர், இரண்டிலும் இந்த நோய் வளர்கிறது என்கிறது 1147ஆம் குறள். தடை வந்தால் காதல் குறையாமல் கூட வேண்டும் என்று எழுதுகிறவர்கள் இதை ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

போன் விஷயத்தில் காலத்தைப் பயன்படுத்துங்கள். எஸ்எம்எஸ் காலக் கதை என்றால்: ஆங்கில எழுத்தில் தட்டினால் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழ் எழுத்தில் 70தான். அதிலும் "கா" என்பது இரண்டாகக் கணக்காகும். அதனால்தான் எல்லோரும் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தார்கள். அப்படிப்பட்டவன் ஒரே ஒரு முறை தமிழ் எழுத்தில் அனுப்பினால் அது கடிதத்துக்குச் சமம். பண்டிகை நாளில் எஸ்எம்எஸ் பேக் செல்லாது, முழுக் கட்டணம் பிடிப்பார்கள். தீபாவளி வாழ்த்து யாருக்குப் போகிறது என்பது அப்போது செலவுக் கணக்கு. 2011 செப்டம்பர் இறுதியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு நாளைக்கு 100 எஸ்எம்எஸ் என்று வரம்பு வைத்தது. நூறாவது செய்தி எதுவாக இருக்க வேண்டும் என்று யோசிக்கும் ஒரு பெண்ணை எழுதிப் பாருங்கள்.

தவறான புரிதலை வைத்து இழுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு போன் பேசினால் தீர்ந்துவிடும் பிணக்கு மூன்று யூடிக்கு மேல் தாங்காது. அவன் ஏன் அந்த போனைப் பேசமாட்டான் என்பது அவன் குணத்திலிருந்து வர வேண்டும். அக்காவின் போனில்தான் பேச முடியும் என்பவன், எந்த உதவியையும் கடனாகப் பார்க்கிறவன், தெரியாததைக் கேட்டால் முட்டாளாகிவிடுவோம் என்று பயப்படுகிறவன். காரணம் முதல் மூன்று யூடிக்குள் வேறு விஷயத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

சாதியைத் தடையாக வைப்பவர்கள் அதை 30ஆம் யூடியில் இறக்கி 33இல் தாத்தா மனம் மாறுவதாக முடிக்காதீர்கள். உயிர் போகிற விஷயம் அது. வைப்பதென்றால் முதல் யூடியில் யார் வீட்டுத் தண்ணீரை யார் குடிக்கிறார்கள் என்பதிலிருந்தே தொடங்குங்கள்.

#10 மட்டுறுத்துநர்

இந்த உரையாடலுக்குத் தேவையான இரண்டு குறிப்பு.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம், 2012 படி 18 வயது நிறையாதவர் எவரும் குழந்தை. பள்ளிப் பருவக் கதைகளில் பாலியல் காட்சி, உடல் வருணனை எதுவும் நம் தளத்தில் கிடையாது. "கடைசியில் கல்யாணம் ஆகிவிடும்" என்பது விலக்கு அல்ல. கையும் பையும் பார்வையுமாக எழுதுங்கள். மேலே பேசியதெல்லாம் அதற்குள்ளேயே நிறைவாக நடக்கும்.

பின்தொடர்தல். வேண்டாம் என்ற பெண்ணைத் தெருத்தெருவாகத் தொடர்வது 2013 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் 354டி பிரிவிலும், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 78ஆம் பிரிவிலும் குற்றம். ஹீரோ அதைச் செய்து ஹீரோயின் மனம் கனிவதாக வரும் தொடர்களை இங்கே எடுத்துவிடுகிறோம்.

#11 தினைப்புனம்

மட்டுறுத்துநர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எழுத்தாகப் பார்த்தாலும் பின்தொடர்பவன் கதையைக் கொல்கிறான். அவனுக்குக் குறிப்பறிதல் தேவையே இல்லை. அவள் முகம் சுளித்தாலும் சம்மதம், பேசாவிட்டாலும் சம்மதம், அறைந்தாலும் சம்மதம். எந்தக் குறிக்கும் ஒரே அர்த்தம் என்றால் படிப்பதற்கு என்ன இருக்கிறது? முதல் காதலின் நாயகன் தப்பாகப் படித்துவிடுவோமோ என்று பயந்து ஒரு அடி பின்வாங்குகிறவன். வாசகி அவனை நேசிப்பது அந்தப் பின்வாங்கலுக்காக. ஆன்டி ஹீரோ தொடர்களுக்கு வாசகர் இருக்கிறார்கள், தெரியும். அது வேறு பசி. அதை முதல் காதல் இலையில் பரிமாற வேண்டாம்.

யார் சொல்வது என்ற விஷயத்தையும் பேசிவிடலாம். நம் தொடர்கள் அவன் மனம் ஒரு பத்தி, அவள் மனம் ஒரு பத்தி என்று மாறி மாறிப் போகின்றன. இரண்டு மனதும் திறந்து கிடந்தால் குறிக்கு விலை ஏது? ஒரு மனதை மூடி வையுங்கள். அல்லது இரண்டையும் மூடிவிட்டுத் தோழியைச் சொல்ல விடுங்கள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அப்படித்தான் இருக்கிறது, 261 அடியும் தோழி செவிலியிடம் (தலைவியை வளர்த்த தாயிடம்) பேசுவது. தலைவி மெலிந்துபோனதைப் பார்த்துத் தாய் தெய்வக் குற்றம் என்று பரிகாரம் தேடிக்கொண்டிருக்கிறாள். தோழி பக்குவமாக நடந்ததைச் சொல்கிறாள். அதில் அவன் வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது பாருங்கள். புனத்தில் கிளி விரட்டி, அருவியில் ஆடி, 99 பூக்களைப் பறித்துப் பாறையில் குவித்து, தழை கட்டி, அசோக மர நிழலில் உட்கார்ந்த பிறகுதான் அவனுடைய வேட்டை நாய்கள் வந்து சூழ்கின்றன. அவன் வந்து தப்பிய விலங்கைப் பற்றிக் கேட்கிறான். பெண்கள் வாய் திறக்கவில்லை. விலங்கைக் காட்டாவிட்டால் போகட்டும், என்னோடு பேசுவதுமா பழி என்கிறான். யானை வந்து கதை ஓடுவதெல்லாம் அதற்குப் பின்னால்.

இன்னொன்று. அகப்பாட்டில் தலைவன் தலைவிக்குப் பெயர் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியம் விதிக்கிறது. பெயர் இல்லாத இடத்தில் படிக்கிறவர் போய் உட்கார்ந்துகொள்கிறார். தொடரில் பெயர் இல்லாமல் முடியாதுதான். ஆனால் ஆறடி உயரம், தேன் நிறக் கண், கூர்மூக்கு என்று முதல் பக்கத்திலேயே முழுப் படத்தையும் வரைந்துவிட்டால் வாசகர் உட்கார இடமில்லை. ஒரே ஒரு அடையாளம் போதும், அதுவும் குறையாக இருந்தால் நன்று. ஒட்டுப் போட்ட ஜிப் மாதிரி.

#12 பனங்கூடல்

முடிவு? சேரோணுமோ, பிரியோணுமோ?

#13 கொடிமுல்லை

சேர்த்து வைக்கச் சொல்லி வாசகர்கள் கெஞ்சுவார்கள், சேர்த்து வையுங்கள், அதில் தப்பில்லை. பிரிவுதான் ஆழம் என்ற நம்பிக்கையை நான் ஏற்பதில்லை. பிரிப்பதானால் விபத்தோ நோயோ வேண்டாம். நாள்காட்டி போதும். பிளஸ் டூ தேர்வு மார்ச்சில், முடிவு மே மாதத்தில், பிறகு கவுன்சலிங், ஆளுக்கொரு ஊர். அந்த வயதில் பிரிவுக்கு யாரும் கெட்டவராக வேண்டியதில்லை. சேர்ப்பதானாலும் 18 வயதில் தாலி கட்டி முடிக்காதீர்கள். அடுத்த திங்கட்கிழமை இருவரும் எந்த பஸ்சில் போகப் போகிறார்கள் என்று தெரிந்தால் வாசகர் நிம்மதியாகத் தூங்குவார்.

பெரியவரான பிறகு திரும்பிப் பார்த்துச் சொல்லும் கதை என்றால், "அப்போது எனக்குத் தெரியவில்லை" வகை வாக்கியம் யூடிக்கு ஒன்றுக்கு மேல் வரக்கூடாது. அதிகமானால் அந்தப் பையனுக்குப் பதிலாக நாற்பது வயதுக்காரர் காதலிக்க ஆரம்பித்துவிடுவார்.

#14 வெண்பூ

எல்லோருக்கும் நன்றி. காட்சியை மாற்றிவிட்டேன். கயல் மனம் மூடியிருக்கிறது, ஒரே குறி, இரண்டு பக்கமும் விளக்கம் உண்டு.

*பையை அந்த அம்மாவிடம்தான் நீட்டினான். அவர் மடியில் கூடை. "இந்தாம்மா, நீ பிடி" என்று ஜன்னலோரம் இருந்த கயலிடம் தள்ளினார். செழியன் வேண்டாம் என்பதற்குள் பை அவள் மடிக்குப் போய்விட்டது. ஜிப் பாதிதான் மூடும். காலையில் ரசம் ஊற்றிய டப்பாவின் மூடி சரியில்லை. சிம்மக்கல் வரை அவன் அந்தப் பையின் அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். ஈரம் எதுவும் தெரியவில்லை. அவன் இறங்கியதும் அவள் பையை ஜன்னல் வழியாக நீட்டினாள், முகத்தைப் பார்க்கவில்லை. பள்ளிக்குப் போய்த் திறந்தபோது டப்பாவைச் சுற்றி, நான்காக மடித்த ஒரு நோட்டுத் தாள் ஈரத்தோடு சுருண்டிருந்தது. விரித்தான். ஒன்றும் எழுதியிருக்கவில்லை.*

#15 அல்லிக்குளம்

வெண்பூ மா, அந்தத் தாள்! ரசம் அவ யூனிஃபார்ம்ல படக்கூடாதுன்னு வெச்சதாவும் இருக்கலாம். செழியன் அந்தத் தாளை என்ன பண்ணப் போறான்? காய வெச்சா ஒரு கதை, தூக்கிப் போட்டா வேற கதை.

#16 பிழைதிருத்தி

அவன் பையை அவள் திறந்திருக்கிறாள். நெரிசலில் அந்த அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அவர் பார்த்திருப்பாரே? தினைப்புனம் சார் கேட்ட மூன்றாம் ஆள் கிடைத்துவிட்டார். அவரைப் பதினைந்தாவது யூடியில் திரும்ப அதே பஸ்சில் ஏற்றுங்கள், அன்றைக்குக் கூடை இல்லாமல்.